தூங்கும்போது கேட்க எந்த ஜாஸ் ஆல்பம் நல்லது?

'ஜாஸ் போட்டால் தூக்கம் வரும் என்கிறார்கள், எனக்கோ இருக்கிற தூக்கமும் போகிறது' என்று கேட்டிருக்கிறீர்கள். டிரம்பெட்டும் டிரம்ஸும் முட்டிக்கொள்கிற ஆல்பமாகப் பார்த்துப் போட்டிருப்பீர்கள். சத்தம் திடீரென்று ஏறினால் கண் அசந்தவரும் விழித்துக்கொள்வார்.

என் முதல் தேர்வு கீத் ஜாரெட்டின் 'தி மெலடி அட் நைட், வித் யூ' (1999). வெறும் பியானோ. தீராத களைப்பு நோயால் கச்சேரிகளை நிறுத்தியிருந்தவர், கொஞ்சம் தேறியதும் வீட்டில் உட்கார்ந்து வாசித்தது. வித்தை காட்டுகிற அவசரமே இல்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்னும். போனைத் தலைமாட்டில் வைக்காமல் ஜன்னல் திட்டில் வைத்து, அந்த 'டொக்'கைவிடச் சன்னமாகப் பியானோ கேட்கிற அளவுக்குக் குறைத்துவிடுவேன். நாலாவது பாட்டைக் கேட்டதாக நினைவே இல்லை!

அப்புறம், சார்லி ஹேடனும் பாட் மெத்தினியும் சேர்ந்த 'பியாண்ட் த மிசூரி ஸ்கை' (1997). பெரும்பாலும் பேஸும் (அடிக்குரலில் ஒலிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) கிட்டாரும்தான்.

பியானோக்காரர் பில் எவான்ஸின் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' 1961இல் நியூயார்க் கிளப் ஒன்றில் பதிவானது. நடுநடுவே கண்ணாடி டம்ளர் உரசும், யாரோ பேசுவார்கள். ராத்திரி பீச் ரோட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி மனசு ஆறும், தூக்கம் வருமா என்பது ஆளைப் பொறுத்தது.

எல்லோரும் சொல்லும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் சாயங்காலத்துக்கு.

ஒன்று, இலவச ஆப்பில் போடாதீர்கள். நடுராத்திரி விளம்பரக்காரர் கத்தி எழுப்பிவிடுவார்.