பெயரைத் தேடாதீர்கள், நாளைத் தேடுங்கள்

கேள்வி: என் அப்பாயிக்கு 86 வயது. அவருடைய தாத்தா மாரிமுத்து, திருவையாறு பக்கமிருந்து சிங்கப்பூர் வந்து துறைமுகத்தில் வேலை செய்தவர். ஊரில் காவிரி பெருவெள்ளம் வந்த வருஷம், சிங்கப்பூரில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள் என்று வீட்டுக்குச் சேதி வந்ததாம். இதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இணையத்தில் பெயரைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது? ஏதாவது கிடைத்தால் அப்பாயியிடம் சொல்லலாமா? (வாசகி, யீஷூன்)

பதில்: ஒன்றும் வராதது உங்கள் தவறல்ல. மாரிமுத்து என்ற பெயரை அன்றைய போலீஸ்காரரோ பத்திரிகை நிருபரோ எப்படி எழுதியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 'முத்து' இன்று நமக்கு எம், யூ. அன்று எம், ஓ, ஓ. கடைசி 'து'வுக்கும் டி போட்டு இரண்டு ஓ. மாரியைத் தனியாகப் பிரித்து எழுதியிருக்கலாம், மாரிமுத்தன் ஆக்கியிருக்கலாம், வெறும் முத்து என்றே விட்டிருக்கலாம். போதாததற்கு, பழைய பத்திரிகைப் பக்கங்களைப் படித்துத் தேடலுக்குத் தயாராக்கிய மென்பொருள், மை கசிந்த இடத்தில் பி எழுத்தை ஹெச் என்று வாசித்துவைத்திருக்கும். பெயரை மட்டும் நம்பித் தேடுகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

உங்கள் அப்பாயி பெயரைவிட நல்ல துப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: வெள்ளம். மேட்டூர் அணை எழும்புவதற்கு முன்னால் காவிரியில் பல வெள்ளங்கள் வந்திருக்கின்றன. ஆனால் 'பெருவெள்ளம்' என்று பேர் வைத்து மூன்று தலைமுறை பேசுகிற வெள்ளம் என்றால் 1924 ஜூலையில் வந்ததுதான் முதலில் நினைவுக்கு வரவேண்டும். தமிழ்க் கணக்கில் ரத்தாட்சி வருஷம், ஆடி மாதம். சிவந்த கண் என்று பொருள். பஞ்சாங்கக்காரர்கள் சில சமயம் நம்மைப் பயமுறுத்திவிடுவார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெள்ளத்தின்போது வந்தது சேதிதானே தவிர, சாவு அல்ல. சாவு நடந்து, கூட்டாளி யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதி, அது கப்பலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து திருவையாறு சேர வேண்டும். ஆகவே மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பாருங்கள். அப்பாயியிடம் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். சேதி வந்தபோது திருவிழா ஏதாவது நடந்துகொண்டிருந்ததா? கருமாதி எந்த மாதம் செய்தார்கள்? திதி கொடுக்கிற வழக்கம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். திதி தெரிந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்து நாளையே கண்டுபிடித்துவிடலாம். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேட்டுவையுங்கள். மாரிமுத்து காகிதத்தில் மட்டும் இருந்த பெயராகக்கூட இருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஊர்க்காரர்களுக்கு 'சிங்கப்பூர் போனான்' என்றால் கப்பல் ஏறினான் என்றுதான் அர்த்தம். ஜோகூரில் கித்தா (ரப்பர்) வெட்டியவரும் சிங்கப்பூர்க்காரர்தான், பினாங்கில் மூட்டை தூக்கியவரும் சிங்கப்பூர்க்காரர்தான். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் நீரிணைக் குடியேற்றம் என்ற ஒரே காலனி. ஜோகூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. போலீஸ் வேறு, கோர்ட் வேறு, ஆவணமும் வேறு. நானே ஒரு குடும்பத்துக்கு இப்படித் தேடிக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெயர் பொருந்தியது, வருஷம் பொருந்தியது, வயதுகூடப் பொருந்தியது. நகலை நீட்டிய பிறகுதான் தெரிந்தது, அவர்களுடைய ஆள் செத்தது ஜோகூர் தோட்டத்தில். நான் கொடுத்தது சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் செத்த வேறொருவரை. அந்த அம்மா அதற்குள் நகலுக்கு விபூதி வைத்துவிட்டார். உங்கள் விஷயத்தில் 'துறைமுகம்' என்ற சொல் இருக்கிறது, அது நல்லது. ஆனாலும் பினாங்கிலும் துறைமுகம் உண்டு.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்கலாம். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிப்யூன் மூன்றும் இருக்கின்றன. தமிழ் முரசு 1935இல்தான் தொடங்கியது, எனவே உங்கள் ஆண்டுக்கு ஆங்கிலப் பத்திரிகைகளைத்தான் நம்ப வேண்டும். தேடல் பெட்டியில் பெயரைப் போடாமல், தேதி எல்லையை மட்டும் வைத்து 'டாமில்' என்ற சொல்லோடு 'ஸ்டேப்ட்' (கத்தியால் குத்தப்பட்டார்), 'மர்டர்', 'இன்க்வெஸ்ட்' (மரண விசாரணை), 'ஹார்பர் போர்டு' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். 1913 முதல் கெப்பல் துறைமுகத்தை நடத்தியது ஹார்பர் போர்டு. தமிழர்களைக் குறிக்க 'கிளிங்' என்ற சொல்லையும் தேடுங்கள். கேட்டாலே நமக்குச் சுரீரென்கிற சொல்தான், ஆனால் 1900களின் தொடக்கத்தில் அச்சில் சர்வசாதாரணமாகப் புழங்கியது. அதைத் தவிர்த்தால் சில செய்திகள் கண்ணில் படாமலே போகும்.

ஒரு செய்தி கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு கொலை பத்திரிகையில் நாலைந்து முறை தலைகாட்டும். முதலில் நாலு வரி: இன்ன இடத்தில் ஒரு தமிழ்க் கூலி குத்துப்பட்டான், ஆஸ்பத்திரியில் இறந்தான். பெயர் பெரும்பாலும் இராது. பிறகு ஆள் பிடிபட்டால் போலீஸ் கோர்ட்டில் முதல் விசாரணை. பிறகு வழக்கு அசைசஸ் என்னும் பெரிய கோர்ட் அமர்வுக்கு அனுப்பப்படும். அது வாரங்கள், மாதங்கள் கழித்து. கடைசியில் தீர்ப்பு. பெயர் முழுதாக வருவது இந்தப் பின்பகுதியில்தான். ஆகவே 1924 கடைசி வரைக்கும், தேவையானால் 1925 தொடக்கம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள். ஜூன் கடைசியில் பக்கம் பக்கமாக ஜோகூர் கடற்பாலத் திறப்பு விழாச் செய்தியாக இருக்கும் (28 ஜூன் 1924). அந்த வாரம் ஒரு கூலியின் சாவுக்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் வெடித்த சிப்பாய் கலகத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வேலை சுலபம். விசாரணை அறிக்கை இருக்கிறது, ராணுவ நீதிமன்றப் பதிவு இருக்கிறது, ஊட்ரம் சிறைச் சுவரோரம் சுட்டுக் கொல்லப்பட்ட 47 பேரைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அரசாங்கத்தைப் பயமுறுத்திய சாவுக்குக் கோப்பு தடிமனாக இருக்கும். சம்பளக் கடனுக்குக் குத்துப்பட்ட மூட்டைத் தொழிலாளிக்கு அப்படி இல்லை.

ஆனால் அப்படிப்பட்டவருக்கும் ஒரு கோப்பு திறக்கப்பட்டது. அதுதான் நான் உங்களை அனுப்ப விரும்பும் இடம்: மரண விசாரணை அதிகாரியின் பதிவுகள். இயற்கையாக வராத எந்தச் சாவுக்கும் விசாரணை நடந்தது. கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பழைய பதிவுகள் இருக்கின்றன. ரிக்‌ஷாக்காரர்களின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் வாரன் என்ற ஆய்வாளர் இந்தப் பதிவுகளைத்தான் தோண்டினார். வேறெங்கும் ஒரு வரிகூட எழுதப்படாத மனிதர்களுடைய அறையில் என்ன இருந்தது, யாரோடு சாப்பிட்டார்கள், கடைசியாக என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அவற்றில் வந்துவிடுகிறது. கூட இருந்தவரின் வாக்குமூலம், போலீஸ்காரரின் வாக்குமூலம், டாக்டரின் அறிக்கை. போவதற்கு முன் காப்பகத்தின் இணைய அட்டவணையில் உங்கள் ஆண்டுக்குரிய தொகுதி இருக்கிறதா என்று பார்த்து, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பத்திரிகையில் கிடைத்த தேதியோடு போனால் அரைநாள் வேலை. தேதி இல்லாமல் போனால் கண் வலிதான் மிச்சம்.

வாக்குமூலத்தைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். சாட்சி பேசியது தமிழ். எழுதப்பட்டது ஆங்கிலம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். 'மச்சான்' என்றது 'பிரதர் இன் லா' ஆகியிருக்கும், அவர் மைத்துனராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'எங்க அண்ணன்' என்று ஒரே ஊர்க்காரரைச் சொல்லியிருப்பார், காகிதத்தில் அவர் கூடப்பிறந்தவராக ஏறியிருப்பார். இதை நம்பி வம்சாவளி வரைந்த குடும்பங்கள் உண்டு. வயதும் அப்படித்தான்: 25, 30, 35 என்று ஐந்து ஐந்தாகவே வரும், குத்துமதிப்பு. ஆனால் ஆங்கிலத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லை அப்படியே விட்டிருந்தால், 'கங்காணி' என்றோ 'சீட்டு' என்றோ, அந்த இடத்தில் நின்று இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் சண்டையின் காரணம் அங்கேதான் இருக்கும்.

வழக்கு அசைசஸ் வரை போயிருந்தால், சினிமா பார்த்தே நமக்குப் பழகிப்போன எண்கள் வரும். நீரிணைக் குடியேற்றத்தின் தண்டனைச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. 302 என்றால் கொலை, அதற்குத் தூக்கு. 304 என்றால் கொலையாகாத மரணம், அதற்குச் சிறை. குடிபோதையில் திடீரென்று மூண்ட சண்டை என்று ஜூரிகள் நம்பினால் 302இல் தொடங்கிய வழக்கு 304இல் முடியும். ஜூரி 7 பேர், ஆங்கிலம் தெரிந்தவர்கள். கூலி லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) என்ன நடந்தது என்பதை அவர்கள் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்டார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இறப்புப் பதிவு 1870களிலேயே தொடங்கிவிட்டது. குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்திடம் விண்ணப்பித்துப் பதிவைத் தேடச் சொல்லலாம், ஆனால் ஏறத்தாழ நாள் தெரிந்திருக்க வேண்டும். கல்லறையைத் தேடி அலையாதீர்கள். பிடாதாரியில் இந்துக்களுக்கும் தனிப் பகுதி இருந்தது, 2001 முதல் 2006 வரை தோண்டியெடுத்துவிட்டார்கள், இப்போது அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள். குடும்பம் கத்தோலிக்கமாக இருந்தால் ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலின் பழைய பதிவேட்டைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம். வாய்மொழி வரலாற்று நிலையத்தில் தமிழில் எடுத்த பேட்டிகளும் உண்டு. அவற்றில் உங்கள் மாரிமுத்து வரமாட்டார், ஆனால் அவர் படுத்த லயம் வரலாம்.

அப்பாயியிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். 86 வயதில் ஒருவர் இந்தக் கதையை இன்னும் வைத்திருக்கிறார் என்றால், அவருக்கு அதன் முடிவு வேண்டும். ஆனால் டாக்டரின் அறிக்கையைப் படித்துக் காட்டாதீர்கள். காயத்தின் நீளமும் ஆழமும் அங்குலக் கணக்கில் எழுதியிருக்கும், அது அவருக்குத் தேவையில்லை. குடும்பத்தில் 'சண்டையை விலக்கப் போனவர்' என்று சொல்லிவந்திருந்து, கோப்பில் 'கள்ளுக்கடையில் அவர்தான் முதலில் அடித்தார்' என்று இருந்தால், உடனே கோப்புதான் நிஜம் என்று முடிவு கட்டாதீர்கள். செத்தவர் சாட்சி சொல்ல வரவில்லை. உயிரோடிருந்தவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதும் அதில் சேர்ந்துதான் இருக்கும். இரண்டையும் அப்பாயி முன்னால் வையுங்கள். எதை வைத்துக்கொள்வது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

குத்தியவரின் பெயரும் கிடைக்கும். அதை வாட்ஸ்அப் குழுவிலோ ஃபேஸ்புக்கிலோ போடாதீர்கள். அவர் தூக்கில் போயிருந்தால் அவர் ஊருக்கும் ஒரு கடிதம் போயிருக்கும், அங்கேயும் ஒரு அப்பாயி இருப்பார். உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பத்திரிகைச் செய்தியை நகலெடுக்கும்போது அந்த நாலு வரியை மட்டும் வெட்டாமல், அன்றைய கப்பல் விவரப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எந்தக் கப்பல் வந்தது, எது புறப்பட இருந்தது என்று அதில் இருக்கும். அவர் கடைசியாக எந்தக் கப்பலில் மூட்டை இறக்கியிருக்கக்கூடும் என்று அப்பாயி கேட்டால், உங்களிடம் ஒரு பதில் இருக்கும்.