ஓடைக்கரை முட்காய் மரம்: அயினியா, வெடிப்பலாவா?

கேள்வி: வால்பாறை அருகே எங்கள் காப்பித் தோட்டத்தின் ஓடைக்கரையில் மிக உயரமான மரம் ஒன்று உள்ளது. கிளைகளில் பலாப்பிஞ்சு போன்ற முட்காய்கள் காய்க்கின்றன. சிலர் அயினி என்கிறார்கள், சிலர் டுரியான் என்கிறார்கள். இது என்ன மரம்? வெட்டிவிடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய படங்களில் இலையின் மேற்புறம் பளபளக்கும் பச்சையாகவும், அடிப்புறம் நுண்செதில்கள் படிந்து வெள்ளியும் செம்பழுப்பும் கலந்த நிறமாகவும் இருப்பதால், இது வெடிப்பலா (குல்லினியா எக்ஸாரில்லேட்டா) என்றே கருதுகிறேன். ஆயினும் இலையை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

முதலில் ஓர் இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். அயினியும் பலாவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் இரண்டிலும் வெண்ணிறப் பால் வடியும். இலைக்காம்பின் அடியில் இருக்கும் இலையடிச் செதில் உதிர்ந்த இடத்தில் கொப்பைச் சுற்றி வளையத் தழும்பும் இருக்கும். வெடிப்பலாவில் பாலும் இல்லை, அந்த வளையமும் இல்லை. அடுத்து காயைப் பிளந்து பாருங்கள். பலாக்காய் பல பூக்கள் ஒன்றுசேர்ந்து உருவாகும் கூட்டுக்கனி. வெடிப்பலாவின் காயோ ஒரே பூவிலிருந்து வருவது, முற்றியதும் பெயருக்கேற்ப வெடித்துப் பிளந்து விதைகளை உதிர்ப்பது.

டுரியான் என்று சொன்னவர்களையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டும் நெருங்கிய உறவுள்ளவை, டுரியான் இலையின் அடிப்புறத்திலும் செதில்கள் உண்டு. ஆனால் டுரியான் விதையை மூடியிருக்கும் உண்ணத்தக்க சதை வெடிப்பலாவில் கிடையாது. 'எக்ஸாரில்லேட்டா' என்ற சொல்லே அந்தச் சதையுறை இல்லாததைத்தான் குறிக்கிறது. பூவில் இதழ்களும் இல்லை; குழல் வடிவப் புல்லிவட்டமே பூவாகத் தோன்றும். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையற்ற கிளைப்பகுதிகளில் அவை கொத்துக்கொத்தாக மொய்த்திருப்பதைக் கண்டால் ஐயமே இராது.

தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய மரம் இது. மற்ற உணவு குறைந்த காலத்தில் இதன் சதைப்பற்றுள்ள பூக்களையும், பின்னர் விதைகளையும் சோலைமந்திகள் நாடி வருவதால், ஓடைக்கரையில் இதை விட்டுவைப்பதே நல்லது. நிழல் மிகுந்தால் தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்வது போதும். அதற்கும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்த நிலம் என்பதால் விலக்குக் கிடைக்காது. முட்காய்கள் உதிரும் நாட்களில் அதன் அடியில் ஆட்களைக் காப்பிக்குக் களையெடுக்க விடாதீர்கள். கன்று வளர்க்க விரும்பினால், விதையை உலரவிடாமல் பொறுக்கிய உடனேயே ஈரமான நாற்றங்காலில் ஊன்றுங்கள்.