260 ரூபாய் டிபன் 382 ரூபாய் ஆனது எப்படி?

கேள்வி: அம்மா கால் எலும்பு முறிந்து படுத்திருப்பதால் வாரத்தில் இரண்டு நாள் செயலியில்தான் டிபன் வாங்குகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு செட் இட்லி வாங்கினோம். விலை 260 ரூபாய், கட்டியது 382. ‘வரியும் இதர கட்டணங்களும்’ என்ற ஒரு வரியில் மட்டும் 53 ரூபாய். தோசைக்கு அரசாங்கம் இவ்வளவு வரியா வாங்குகிறது? பில் படத்தை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகி, தில்லைநகர், திருச்சி

பதில்: இல்லை அம்மா. உங்கள் பில்லை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். 18 வருஷம் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்தவன் நான், பில் என்றால் கை தானாகப் பேனாவைத் தேடும்.

அந்த 53 ரூபாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கிறதே, அதைத் தொட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். அதில் 30 ரூபாய் வரியே அல்ல. ஓட்டல்காரர் போட்ட பேக்கிங் சார்ஜ், ஓர் அயிட்டத்துக்கு 10 வீதம். மீதி 23 ரூபாய் 32 காசுதான் வரி. சாப்பாட்டுக்கும் பேக்கிங்குக்கும் சேர்த்து 5 சதவீதம், அதாவது 14.50. டெலிவரி கட்டணம் 35-க்கு 18 சதவீதம், 6.30. இந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் வந்தது. செயலியைப் பயன்படுத்துவதற்காக ஒவ்வோர் ஆர்டருக்கும் அது வாங்கும் பிளாட்பார்ம் கட்டணம் 14-க்கும் அதே 18 சதவீதம், 2.52. இந்தப் பிளாட்பார்ம் கட்டணம் 2023-ல் பெரிய செயலிகளில் 2 ரூபாயாகத்தான் தொடங்கியது.

எனக்கு வயிறு எரிவது அந்த 30 ரூபாயில்தான். இட்லியை வாழையிலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி, சாம்பாரைக் கவரில் ஊற்றி நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுப்பார்கள். அதற்கும் செலவு இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதை இட்லி விலைக்குப் பக்கத்திலேயே எழுதட்டும். வரி என்ற சொல்லோடு சேர்த்துப் போட்டால், உங்களைப் போல எல்லோரும் அரசாங்கத்துக்குப் போகிறது என்று நினைத்துப் பேசாமல் கட்டிவிடுவார்கள். மொத்த விலையை அதன் பிரிவுகளோடு காட்ட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதைக் காட்டுவது என்று நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. பில்லில் ‘டிப்ஸ் 20’ இருக்கிறது. சாப்பாடு 260, அந்த 53, டெலிவரி 35, பிளாட்பார்ம் 14, இவற்றோடு இந்த 20-ஐயும் கூட்டினால்தான் 382 வருகிறது. நீங்களாகப் போட்டீர்களா? போடவில்லை என்றால், போன ஆர்டரில் கொடுத்ததை வைத்து அதுவே டிக் ஆகியிருக்கலாம். கேட்காமல் டிப்ஸோ நன்கொடையோ சேர்ப்பது தவறு. 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த ‘டார்க் பேட்டர்ன்’ (செயலியிலும் இணையதளத்திலும் வாங்குபவரை ஏமாற்றும் தந்திரம்) வழிகாட்டுதல்கள் தடை செய்த 13 தந்திரங்களில், வாங்குபவர் சம்மதம் இல்லாமல் கூடையில் எதையாவது நுழைப்பதும் ஒன்று. விலையை ஆரம்பத்தில் காட்டாமல் கடைசியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. டெலிவரி பையனுக்குத் தர வேண்டும் என்று தோன்றினால் வாசலில் கையில் கொடுங்கள், அவர் முகம் பார்த்துக் கொடுத்ததாகவும் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? பணம் கட்டும் பக்கத்தில் அந்த அம்புக்குறியைத் தொட்டு, விரிந்த பில்லை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். முதலில் செயலியிலேயே புகார் போட்டு 20 ரூபாயைக் கேளுங்கள். தரவில்லை என்றால் 1915-க்குப் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். ஆர்டர் எண் கையில் இருக்கட்டும்.

அப்புறம், ஓட்டல் பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை போன் போட்டு நெய் ரோஸ்ட் என்ன விலை என்று கேளுங்கள். எங்கள் தெருமுனைக் கடையில் போர்டில் 85, செயலியில் 110. செயலிக்குக் கமிஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் அங்கே ஏற்றி வைக்கிறேன் என்று கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார். அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் என்று சொல்லிப் பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் பையனிடம் கொடுத்தனுப்பச் சம்மதிக்கலாம்.