அட்டை எண் போகும் வழி: கேள்வி பதில்

கடைகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கி அட்டைப் பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில்.

விடுதி நடத்துபவர்: வெளிநாட்டு விருந்தினர்கள் முன்பதிவுக்காக அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வழியில் யாரும் படிக்க முடியாதாமே, ஐயா?

வழியில் முடியாது; உண்மைதான். ஆனால் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். வரவேற்பு மேசைக் கைப்பேசியில், பேரனின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை கிடக்கிறது. காப்புப் பிரதியாக வேறெங்கெல்லாம் போயிற்றோ! பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணை, பணம் எடுக்க ஒப்புதல் கிடைத்த பிறகு எந்த வணிகரும் வைத்திருக்கக் கூடாது. மறையாக்கம் செய்து, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைத்தாலும் விதிமீறல்தான். இனி பணம் செலுத்தும் இணைப்பை நீங்கள் அனுப்புங்கள். எண்ணை அவர்களே தட்டட்டும். பழைய படங்களை இன்றே அழித்துவிடுங்கள்.

மாணவி: தேநீர்க் கடையின் இலவச வைஃபையில் அட்டை வழியாகப் பணம் கட்டலாமா?

கட்டலாம். ஆனால் தளம் யாருடையது என்று காட்டும் சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாதீர்கள். முகவரியையும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். மோசடித் தளங்களும் பூட்டுச் சின்னத்தோடுதான் வருகின்றன.

நிரலாளர்: கட்டணச் சேவையோடு இணைக்கும்போது சான்றிதழ்ப் பிழை வந்தது. சரிபார்ப்பை அணைத்தேன், வேலை செய்கிறது. தற்காலிகம்தான்.

தம்பி, அந்தத் 'தற்காலிகம்' மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்ததை ஒரு நிறுவனத்தில் நானே பார்த்திருக்கிறேன். சரிபார்ப்பு இல்லாவிட்டால் மறையாக்கம் நடக்கும், ஆனால் யாரோடு நடக்கிறது என்பது தெரியாது. நடுவில் நிற்பவன் தன் சான்றிதழை நீட்டினாலும் உங்கள் நிரல் வணங்கி ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் சேவையகத்தில், தளத்தின் சான்றிதழை வேர்ச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும், அல்லது உங்கள் பக்கத்தில் நம்பகமானவை என்று வைத்திருக்கும் வேர்ச் சான்றிதழ்த் தொகுப்பு பழையதாக இருக்கும். அதைத் திருத்துங்கள். சான்றிதழ் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பதை அட்டை நிறுவனங்களின் பாதுகாப்பு விதித்தொகுப்பான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் நான்காவது பிரிவே கட்டாயமாக்கியிருக்கிறது.

கணக்கர்: இணையத்தில் போகும் தரவை மறையாக்கும் டிஎல்எஸ் முறையின் பழைய 1.0 பதிப்பை மட்டும் பேசும் மென்பொருளை விட்டுவைக்கலாமா?

கூடாது. பிசிஐ டிஎஸ்எஸ் தரம் அதற்கு வைத்த கடைசி நாள் 2018 ஜூன் 30. தாக்குதலுக்கு இடமில்லை என்று உறுதி செய்யப்பட்ட அட்டை இயந்திரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

துணிக்கடைக்காரர்: பில் போடும் கணினியும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒரே வலையில் இருக்கின்றன. சின்னக் கடைதானே?

அமெரிக்காவில் ஏராளமான துணிக்கடைகளை நடத்தும் டிஜேஎக்ஸ் நிறுவனம் சின்னக் கடை இல்லை. அங்கேயும் திருடர்கள் நுழைந்த வாசல் ஒரு கடையின் வைஃபைதான். டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு. அப்போதே சில நிமிடங்களில் உடைக்கக்கூடியது. 2005இல் உள்ளே வந்தவர்கள் அங்கிருந்து மைய அமைப்புவரை போய்விட்டார்கள். 2007இல்தான் விஷயம் வெளியே வந்தது. நிறுவனம் ஒப்புக்கொண்ட கணக்கே 4.57 கோடி அட்டைகள். உங்கள் ரவுட்டரில் விருந்தினர் வலை என்று ஒரு வசதி இருக்கும். வாடிக்கையாளர்களை அதற்கு மாற்றுங்கள். பில் கணினியின் வலைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பூட்டை வையுங்கள். கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் கடவுச்சொல் சீட்டையும் கிழித்துவிடுங்கள்.