தாலிக்கொடி யாருக்கு, வீடு யாருக்கு?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன், வயது 31. இந்து முறைப்படி திருமணமாகி 14 மாதம் சேர்ந்து வாழ்ந்தோம். குழந்தை இல்லை. ஒன்றரை ஆண்டாகப் பிரிந்திருக்கிறோம். பரஸ்பர விவாகரத்துக்கு இருவருக்கும் சம்மதம். என் பெற்றோர் போட்ட 35 பவுனில் 12 பவுனைக் கணவர் தன் பெயரில் அடகு வைத்திருக்கிறார். இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக்கு முன்பணம் 9 லட்சம் ரூபாய் என்னுடையது. வங்கித் தவணை அவர் கட்டுகிறார். "வாழ்ந்ததே ஒரு வருஷம். தாலிக்கொடியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பட்டும்" என்கிறார்கள் அவர் வீட்டில். எனக்கு எது சேரும்?

பதில்: முதலில், தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பிறந்த வீட்டார் போட்டதும் சரி, மாப்பிள்ளை வீட்டார் உங்களுக்குப் போட்டதும் சரி, சீதனம்தான். முழுக்க உங்கள் சொத்து. 14 மாதம் வாழ்ந்தாலும் 40 ஆண்டு வாழ்ந்தாலும் இதில் மாற்றம் இல்லை. கணவர் கையில் உள்ள சீதனம் நம்பி ஒப்படைத்த பொருள் என்றும், திருப்பித் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றும் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 12 பவுனை மீட்டுத் தருவது அவர் பொறுப்பு. நகைக்கடை ரசீது, கல்யாண ஆல்பம் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். அதேபோல், உங்கள் வீட்டார் அன்போடு அவருக்குப் போட்ட மோதிரம் அவருடையது. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

விவாகரத்தானால் எல்லாம் பாதிக்குப் பாதி என்று பலர் நினைக்கிறார்கள். கோவாவை விட்டால் இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை. யார் பெயர், யார் பணம் என்றுதான் பார்ப்பார்கள். இருவர் பணத்தில் வாங்கிய சொத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. கணக்கைக் காட்ட முடியாவிட்டால் சமபங்கு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இது. 9 லட்சம் போன வங்கிக் கணக்கு அறிக்கையை இன்றே வாங்கிவிடுங்கள். வீட்டை அவரே வைத்துக்கொண்டால், உங்கள் பங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் (உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணம்) எழுதிக் கொடுக்கலாம். ஆனால் கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதாக வங்கி எழுத்தில் தராமல் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குள் என்ன பேசினாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் தவணை தவறினால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

குறுகிய காலம், குழந்தை இல்லை என்பதெல்லாம் ஜீவனாம்சத் தொகையில்தான் எதிரொலிக்கும். உங்களுக்குச் சம்பளம் இருப்பதால் அதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கூட்டு மனுவில் நகையை எடையோடும், திருப்பித் தரும் தேதியோடும் எழுதச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் இருவரும் கொடுக்கும் இறுதி வாக்குமூலம் வரை விவாகரத்துக்கான சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். எனவே நகை கைக்கு வந்த பிறகே அந்த நிலைக்குப் போங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. தீர்ப்பு வரும்வரை அவர் உங்கள் சட்டப்பூர்வ வாரிசு. அதற்குள் உயில் இல்லாமல் உங்களுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், குழந்தை இல்லாததால், நீங்களாகச் சம்பாதித்த சொத்தில் பெற்றோரை முந்திக்கொண்டு அவருக்கே உரிமை போகும். இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு இந்த வாரமே ஓர் உயில் எழுதி வையுங்கள்.