ஜெர்மனியில் கிராமத்தில் இருக்கிறேன். இலாப நோக்கமற்ற கஞ்சா சமூகக் கழகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சேர்வது?

கேள்வியில் ‘கிராமம்’ என்ற சொல் இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். பெர்லின், ஹாம்பர்க் ஆட்கள் இதற்கு எழுதும் பதிலெல்லாம் ‘நாலு கழகத்தைப் பார், பிடித்ததில் சேர்’ என்று முடிந்துவிடும். உங்கள் ஊரில் ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம், பள்ளி நாட்களில் மட்டும் ஓடும் ஒரு பஸ் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணக்கே வேறு.

கமெண்டில் கலாசாரம் பேச வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று. யாரையும் பிடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் பெரியவர்களுக்கு இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஷயம். கழகங்களுக்கான பகுதி அதே ஆண்டு ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் தெரியாமல் தெருமுனையில் வாங்குகிறவரைவிடத் தெரிந்துகொண்டு கேட்கிறவர் மேல் என்பது என் கட்சி.

அடுத்தது, வாட்ஸப் குழுக்களில் சுற்றும் ஒரு பொய். ‘ஜெர்மனியில் கடையிலேயே கிடைக்கும்’ என்பார்கள். கிடைக்காது. ஆம்ஸ்டர்டாம் மாதிரி கஞ்சா விற்கும் காஃபி ஷாப் இங்கே கிடையாது. வீட்டில் ஆளுக்கு மூன்று செடி வளர்க்கலாம், அல்லது ‘அன்பௌஃபெரைனிகுங்’ என்று சட்டம் அழைக்கும் பயிரிடும் சங்கத்தில் உறுப்பினராகலாம். பேச்சுவழக்கில் இதைத்தான் சோஷியல் கிளப் என்கிறார்கள். ஒரு சங்கத்தில் அதிகபட்சம் 500 பேர். வளர்ப்பதும் உறுப்பினர்கள்தான், எடுத்துக்கொள்வதும் உறுப்பினர்கள்தான். பெயர் கிளப் என்றாலும் உட்கார்ந்து புகைக்கும் இடம் அல்ல. வளாகத்துக்குள்ளும், வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் கண்ணுக்கு எட்டுகிற இடத்திலும் புகைப்பது தடை.

இனி கண்டுபிடிப்பது. கழகங்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது சட்டம். அதனால் போர்டும் இருக்காது, துண்டுப்பிரசுரமும் வராது. போதாததற்குப் பள்ளி, சிறுவர் நிலையம், குழந்தைகள் விளையாடும் பூங்கா இவற்றின் வாசலிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு சின்ன ஊரின் வரைபடத்தில் இந்த மூன்றையும் சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஊரே உள்ளே போய்விடும். ஆகவே கழகம் என்று ஒன்று இருந்தால் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையிலோ, பழைய தோட்டக்கலைக் கண்ணாடி வீட்டிலோதான் இருக்கும். தேடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல் மாவட்டப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

பலருக்குத் தெரியாத நல்ல வழி ஒன்று உண்டு. இந்தக் கழகங்களில் பெரும்பாலானவை நீதிமன்றத்தின் ‘ஃபெரைன்ஸ்ரெகிஸ்டர்’ எனும் சங்கப் பதிவேட்டில் இருக்கும். அரசின் ஹாண்டெல்ஸ்ரெகிஸ்டர் (வணிகப் பதிவேடு, handelsregister.de) இணையதளத்தில் 2022 ஆகஸ்ட் முதல் காசில்லாமல் பார்க்கலாம். பதிவு வகையில் சங்கம் என்பதைத் தேர்ந்தெடுத்து, சொல்லில் ‘அன்பௌஃபெரைனிகுங்’ (Anbauvereinigung), ‘கனபிஸ் சோஷியல் கிளப்’ (Cannabis Social Club), கஞ்சாச் செடியைக் குறிக்கும் ‘ஹன்ஃப்’ (Hanf) என்று தனித்தனியாகத் தேடுங்கள். நீதிமன்றம் என்ற கட்டத்தில் உங்கள் ஊரைப் போடாதீர்கள். சின்ன ஊர்களுக்குத் தனிப் பதிவு நீதிமன்றம் இருக்காது, பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே நீதிமன்றத்தில் பதிவாகும். ஊர்ப் பெயரைப் போட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முடிவில் வரும் பதிவுத்தாளில் சங்கத்தின் பெயர், தலைமையகம், நிர்வாகிகள், பதிவான தேதி எல்லாம் இருக்கும். இதுபோக, டாய்ச்சர் ஹன்ஃப்ஃபெர்பாண்ட் என்ற பழைய கஞ்சா ஆதரவு அமைப்புக்குப் பல ஊர்களில் உள்ளூர்க் குழுக்கள் உண்டு. பக்கத்து நகரத்துக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும்.

இன்னொன்று: நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜெர்மனியில் ஆறு மாதமாகக் குடியிருந்தால் போதும். பவேரியா எல்லையில் இருந்துகொண்டு அங்கே எதுவும் அமையாமல் தவிக்கிறவர் துரிங்கியாவில் சேரலாம்.

இப்போது நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். பதிவேட்டில் பெயர் இருந்தால் அது சங்கம் என்று மட்டும்தான் அர்த்தம். செடி வளர்க்க அனுமதி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ‘எர்லௌப்னிஸ்’ எனும் அனுமதி தனியாக மாநில அதிகாரி தருவது. லோயர் சாக்ஸனியில் வேளாண்மைச் சபை, பாடன்-வுர்ட்டம்பெர்க்கில் ஃப்ரைபுர்க் மண்டல நிர்வாகம், ஹெஸ்ஸனில் டார்ம்ஷ்டாட் மண்டல நிர்வாகம், பவேரியாவில் சுகாதார, உணவுப் பாதுகாப்பு அலுவலகம் என்று மாநிலத்துக்கு ஒன்று. ஏழு பேர் கூடி ஒரு விதிமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிவாகிவிடும். அனுமதிக்கோ நிலம், வேலி, பூட்டு, நிர்வாகிகளின் நன்னடத்தைச் சான்று, இளைஞர் பாதுகாப்புத் திட்டம், பயிற்சி பெற்ற போதைப் பழக்கத் தடுப்புப் பொறுப்பாளர் என்று எல்லாம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் தொங்கும் கழகங்கள் உண்டு. சேர்வுக் கட்டணத்தை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்திருப்பார்கள்.

எனவே பணம் அனுப்பும் முன் மின்னஞ்சலில் கேளுங்கள்: அனுமதி எந்தத் தேதியில், எந்த அலுவலகம் தந்தது? எந்தத் தேதி வரை செல்லும்? பொதுவாக ஏழு ஆண்டு. ‘விண்ணப்பம் போயிருக்கிறது’ என்று பதில் வந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். ‘நாங்களே வளர்த்துத் தருகிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்’, ‘வீட்டுக்கே அனுப்புகிறோம்’ என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டுமே சட்டவிரோதம். வளர்ப்பில் உறுப்பினர் கைப்படப் பங்கேற்க வேண்டும். மினிஜாப் எனும் சிறு பகுதிநேர வேலையில் சம்பள ஆள் உதவலாமே தவிர, மொத்தப் பயிரையும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்க முடியாது.

அனுமதி கிடைத்த மறுநாளே சரக்கு இருக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். செடியிலிருந்து வெட்டி நட்ட துண்டு வேர் பிடிக்க இரண்டு வாரம், இலை வளர்ச்சி நாலைந்து வாரம், பூக்க எட்டு முதல் பத்து வாரம், உலர்த்த 10 முதல் 14 நாள், பிறகு டப்பாவில் பதப்பட இரண்டு மூன்று வாரம். நாட்டின் முதல் அனுமதி 2024 ஜூலையில் லோயர் சாக்ஸனியின் கண்டர்கெசே ஊர்க் கழகத்துக்குக் கிடைத்தது, முதல் விநியோகம் நவம்பரில்தான். இது உள்ளரங்கக் கணக்கு. திறந்தவெளியில் வளர்க்கும் கழகம் என்றால் ஆண்டுக்கு ஒரே அறுவடை, செப்டம்பர் அக்டோபரில். வசந்தத்தில் சேர்ந்தால் இலையுதிர் காலம் வரை சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அக்டோபர் மழையில் சாம்பல் பூஞ்சை பிடித்தால் அதுவும் போச்சு. பருத்த பூவின் நடுவில் ஈரம் தங்கி உள்ளிருந்து அழுகும், வெளியே தெரியும்போது பாதி போயிருக்கும். ஆகவே ‘உள்ளரங்கமா, கண்ணாடி வீடா, வெளியா? உலர்த்தும் அறையில் ஈரப்பதம் எவ்வளவு வைக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். 55 முதல் 60 சதவீதம், 20 டிகிரிக்குள் என்று தயங்காமல் சொன்னால் வேலை தெரிந்தவர்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சேர்வதற்கான தாள்கள் அதிகமில்லை. 18 வயது நிறைந்ததற்குப் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, ஆறு மாதக் குடியிருப்புக்கு நகராட்சியின் ‘மெல்டெபெஷைனிகுங்’, வேறு எந்தக் கழகத்திலும் உறுப்பினர் இல்லை என்ற சுய உறுதிமொழி. ஒரு நேரத்தில் ஒரே கழகம்தான், குறைந்தது மூன்று மாத உறுப்பினர் காலம். மெல்டெபெஷைனிகுங் பழையதாக இருந்தால் புதிதாக எடுங்கள். குடிவந்தபோது கொடுத்த தாளை வைத்தே சமாளிக்கலாம் என்று போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. உங்கள் பெயர், பிறந்த ஆண்டு, ஒவ்வொரு முறை வாங்கிய அளவு, அதில் போதை தரும் பொருளான டிஎச்சியின் சதவீதம் எல்லாம் கழகத்தில் ஐந்து ஆண்டு பதிவில் இருக்கும். அது பிடிக்காது என்றால் சேராமல் இருப்பதே நல்லது.

காசு விஷயம். கிராமுக்கு விலை போட்டு விற்கக் கூடாது. அடிப்படைச் சந்தாவும், எடுக்கும் அளவுக்கேற்ற கூடுதல் சந்தாவும் வாங்கலாம், அதுவும் செலவை ஈடுகட்டும் அளவுக்கு. உதாரணத்துக்கு, அடிப்படைச் சந்தா 20 யூரோ, கூடுதல் சந்தா கிராமுக்கு 8 யூரோ என்று வைத்தால் மாதம் 15 கிராமுக்கு 140 யூரோ. இலாப நோக்கம் இல்லை என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மின்சாரமும் வாடகையும் இலாபம் பார்ப்பதில்லை, ஆனால் விலையை ஏற்றும்.

கிராமத்துக்காரருக்கு இடி விழுவது அடுத்த கணக்கில். மாதம் 50 கிராம் வரை எடுக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு 25 மட்டும். வெளியே கையில் வைத்திருக்கும் வரம்பும் 25தான். தபாலில் வராது, நண்பரை அனுப்ப முடியாது. உறுப்பினர் அட்டையும் படமுள்ள அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களே போய் நிற்க வேண்டும். 60 கிலோமீட்டர் தள்ளிக் கழகம் இருந்தால் முழு அளவுக்கு இரண்டு பயணம், 240 கிலோமீட்டர், சாதாரண காருக்குச் சுமார் 17 லிட்டர் எரிபொருள். மாதத்துக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் ஒரே பயணம். 18 முதல் 21 வயதுக்குள் இருப்பவருக்கு மாதம் 30 கிராம்தான், டிஎச்சி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர்களுக்கும் 25-இல் நிறுத்துவதே லாபம்.

கார் இல்லையென்றால்? இதைக் கேள்வியில் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாடு முழுக்க உள்ளூர்ப் பஸ், ரயிலில் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025-இல் 58 ஆகி, 2026-இல் 63 ஆகிவிட்டது. பெர்லின்காரன் ஐந்து நிமிடத்துக்கொரு ரயிலில் ஏறுவதற்கும் 63, கிராமத்தான் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று ஓடும் பஸ்ஸுக்கும் 63. பள்ளி விடுமுறையில் அதுவும் இல்லை. அழைத்தால் வரும் ‘ரூஃப்பஸ்’ஸை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பல இடங்களில் ஞாயிறு கிடையாது. தொழிற்பேட்டைக்கு அந்தப் பஸ்ஸும் போகாது. விநியோகம் சனிக்கிழமை மதியம் மட்டும் என்று வைத்திருக்கும் கழகத்தில் சேரும் முன் திரும்பிவரும் பஸ் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

காரில் போகிறவர்களுக்கு: ரத்த சீரத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம் டிஎச்சி என்பது 2024 ஆகஸ்ட் 22 முதல் வரம்பு. எட்டினால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. புது உரிமக்காரருக்கும் 21 வயதுக்குக் கீழ் இருப்பவருக்கும் அந்த வரம்பும் இல்லை, சுத்தமாக எதுவும் கூடாது. தினமும் பயன்படுத்துகிறவருக்கு நேற்றைய இரவு இன்றைய ரத்தத்திலும் தெரியலாம். கிராமத்தில் உரிமம் போனால் வேலையும் போகும்.

வெளிப்படையாகச் சொன்னால், தோட்டமோ ஒரு உள்ளறையோ இருக்கும் கிராமத்துக்காரருக்கு மூன்று செடிதான் பல சமயம் சுலபம். கழகங்கள் உறுப்பினர் அல்லாதவருக்கும் மாதம் ஏழு விதை அல்லது ஐந்து துண்டு வரை தரலாம். ஒரு பொறி உண்டு: வீட்டில் வைத்திருக்கக்கூடிய உலர்ந்த பூ 50 கிராம்தான். நல்ல வெயிலில் வளர்ந்த ஒரே செடி அதைத் தாண்டிவிடும், மிச்சத்தை அழிக்கத்தான் வேண்டும். 60 கிராமுக்கு மேல் போனால் அபராத விஷயம் குற்ற வழக்காகிவிடும். சிறு வகைச் செடியாக, ஒன்றன்பின் ஒன்றாக மாதம் தள்ளி நடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பாதுகாப்பது கட்டாயம்.

‘நாமே ஒரு கழகம் தொடங்கலாமே’ என்று தோன்றும். ஏழு பேர் கிடைப்பது பிரச்சினையே இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் களஞ்சியத்தைப் பயிர் அறையாக மாற்றக் கட்டட அலுவலகத்திடம் பயன்பாட்டு மாற்ற அனுமதி வாங்குவதில்தான் பலரும் விழுகிறார்கள். வாடகை ஒப்பந்தம் போடும் முன் அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள், பிறகு கேட்டால் காலி இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஊருக்கு விமானம் ஏறும் முன் பை, ஜாக்கெட் பாக்கெட், அரைக்கும் டப்பா எல்லாவற்றையும் துடைத்துப் பாருங்கள். நாட்டு எல்லை தாண்டி எடுத்துப் போவது ஜெர்மன் சட்டப்படியே தடை. சென்னையில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உங்கள் உறுப்பினர் அட்டையை மதிக்காது.

வீடு மாறியோ கழகம் பிடிக்காமலோ விலகினால், விலகல் ஏற்கப்பட்ட தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன் புதுக் கழகத்தின் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் நீங்கள் எழுதிக் கொடுப்பது பொய் உறுதிமொழி.