பழைய ஆலயமும் பெருகும் சபையும்

கேள்வி: எங்கள் சபையில் குடும்பங்கள் பெருகி வருகின்றன. ஆலயமோ நூற்றாண்டைக் கடந்தது. கூரை ஒழுகுகிறது, சுவரில் காரை உதிர்கிறது. புதிய மண்டபம் கட்டுவதா, பழையதைச் செப்பனிடுவதா என்பதில் சபைக் குழு இரண்டுபட்டு நிற்கிறது. எதை முதலில் செய்யலாம்?

பதில்: முதலில் கூரையையும் மழைநீர் வடிகாலையும் சரிசெய்யுங்கள்; இதில் தாமதம் கூடாது. பழைய கட்டடங்களைப் பெரும்பாலும் கெடுப்பது வயதைவிட ஈரமே. உடைந்த ஓட்டின் வழியே இறங்கும் நீர் உத்தரத்தின் நுனியை உளுக்கச் செய்தபின் ஆகும் செலவு, அந்த ஓட்டை மாற்றும் செலவைவிடப் பன்மடங்கு அதிகம். சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டதா என்றும் பாருங்கள். இன்று பரவலாகப் பயன்படும் சிமென்ட்டான போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு 1824-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் சுண்ணாம்பு புழக்கத்தில் இருந்தது. அத்தகைய சுவரின் மேல் சிமென்ட் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வழியின்றிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும் என்பதால், நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கேடாகிவிடுவதுண்டு. பழங்கட்டடங்களில் பயிற்சியுள்ள பொறியாளரைக் கொண்டு முழு ஆய்வு செய்து, எவை உடனடியாகச் செய்ய வேண்டியவை, எவை காத்திருக்கலாம் என்று எழுதி வாங்குங்கள்.

இடநெருக்கடிக்கு, போதகரின் சுமையையும் கருதி, இரண்டாவது ஆராதனை ஒன்றை ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். வருகை நிலைக்கிறதா என்பது அப்போது தெரியும். அதன் பிறகும் மண்டபம் தேவையெனில், அதன் ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் திட்டத்தில் சேர்த்துச் சபையார் முன் வையுங்கள். புதுக் கட்டடத்துக்குத் திரளும் காணிக்கை ஓடு மாற்றுவதற்கு எளிதில் திரளாது என்பதால், பராமரிப்பு நிதியைத் தனிக் கணக்கில் வைப்பது நல்லது.